மூன்று சதவீதம் யாருடையது?

"அடுத்த பத்து வருஷத்துல உங்க இடுப்பெலும்பு முறிய 3 சதவீதம் வாய்ப்பு இருக்கு" என்கிறார் மருத்துவர். "அப்ப எனக்கு உடையுமா, உடையாதா? அதைச் சொல்லுங்க" என்கிறார் எதிரே இருப்பவர். மருத்துவர் பேசுவது ஒரு கூட்டத்தைப் பற்றி. கேட்பவருக்கு இருப்பதோ ஒரே உடம்பு. அதில் நூற்றில் மூன்று பங்கு முறிவு என்று ஒன்று நடக்கவே நடக்காது.

1994-ல் உலக சுகாதார நிறுவனம் எலும்பு அடர்த்தியை வைத்து ஒரு கோடு போட்டது. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். ஆனால் எலும்பு முறிந்து வருபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள். அடர்த்தி மட்டும் போதாது என்றுதான் 2008-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் கானிஸ் குழுவின் ஃப்ராக்ஸ் கணிப்பான் வந்தது. வயது, எடை, முன்பு முறிந்ததா, அம்மா அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு எல்லாவற்றையும் அது கேட்கிறது. கடந்த வருஷம் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

அது வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு கணக்கும் உள்ளே இருக்கிறது: சாவு. எலும்பு முறிவதற்கு முன்பே ஒருவர் இறந்துபோகும் வாய்ப்பையும் அது கழித்துக்கொள்கிறது. அதனால் மிக முதிய வயதில், எலும்பு பலவீனமாகிக்கொண்டே போனாலும், பத்தாண்டுக் கணக்கு அதே வேகத்தில் ஏறுவதில்லை. கணிதமாக இது சரி. ஆனால் "உங்களுக்கு ஆபத்து அவ்வளவு அதிகமில்லை" என்று ஆறுதல் சொல்லும்போது, அந்த ஆறுதலின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

சரி, எத்தனை சதவீதம் வந்தால் மாத்திரை? அடர்த்தி ஓரளவு குறைந்தவர்களுக்கு அமெரிக்காவில் இடுப்புக்கு 3 சதவீதம் என்று வைத்தார்கள். இந்த எண் எலும்பிலிருந்து வந்ததல்ல. நல்ல உடல்நலத்தோடு வாழும் ஓராண்டுக்குச் சமூகம் 60,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற அனுமானத்திலிருந்து வந்தது. பிரிட்டனிலோ கோடு வயதோடு சேர்ந்து நகர்கிறது. எலும்பு ஒன்றுதான். கடல் தாண்டினால் நோயாளி, தாண்டாவிட்டால் இல்லை.

அதற்காக எண்ணைத் தூக்கி எறிந்துவிட முடியாது. 1996-ல் வெளியான அலெண்ட்ரோனேட் ஆய்வில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் மூன்று ஆண்டுகளில் இடுப்பு முறிவு 2.2 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது. "பாதியாகக் குறைகிறது" என்றும் சொல்லலாம், "ஆயிரம் பேரில் பதினொரு பேர் தப்பினார்கள்" என்றும் சொல்லலாம். முதல் வாக்கியம் மாத்திரையை விற்கும், இரண்டாவது தயங்க வைக்கும். ஒன்றை மட்டும் சொல்வது பொய் ஆகாது, ஆனால் நேர்மையும் ஆகாது. தப்பிய பதினொரு பேர் யாரென்று அவர்களுக்கே தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் பார்வையில் அந்த 3 சதவீதம் மருத்துவருக்கும் சொந்தமில்லை, நோயாளிக்கும் சொந்தமில்லை. வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிட அரசுக்கு ஒரு கோடு தேவை, அதற்கு அது பயன்படும். தனி மனிதருக்கு வேறு கேள்விகள் வேண்டும். வாரம் ஒருநாள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு அரைமணி நேரம் படுக்காமல் இருக்க முடியுமா? நடமாட்டம் போய்விடுமோ என்பது பெரிய பயமா, அபூர்வமான பக்கவிளைவு பெரிய பயமா? இரண்டில் எது வந்தால் "அப்பவே செஞ்சிருக்கலாமே" என்று மனசு அடித்துக்கொள்ளும்?

"உடையுமா, உடையாதா?" என்பதற்கு "தெரியாதும்மா" என்பதுதான் உண்மையான பதில். அதைச் சொன்ன பிறகும் எழுந்து போகாமல் கூட உட்கார்ந்து யோசிப்பவர்தான் நல்ல மருத்துவர்.