குண்டோதரனுக்கு வந்த பசி!

மதுரையில் கல்யாணம். மணப்பெண் யார் தெரியுமா? பாண்டிய நாட்டையே ஆளும் தடாதகைப் பிராட்டி, நம் அன்னை மீனாட்சி! மாப்பிள்ளை, கயிலையில் இருந்து வந்திருக்கும் சோமசுந்தரப் பெருமான். தேவர்கள், முனிவர்கள் என்று பந்தி பந்தியாகச் சாப்பிட்டு எழுந்த பிறகும் மடைப்பள்ளியில் சாதம் மலை போல் குவிந்து கிடக்கிறது. பெண் வீட்டாருக்குக் கொஞ்சம் பெருமை இருக்காதா? 'தங்கள் பக்கத்து மனிதர்கள் இன்னும் யாராவது உண்டா? சாப்பிட வரச் சொல்லுங்களேன்' என்கிறாள் அன்னை. ஸ்வாமி புன்னகையோடு, பக்கத்தில் நின்ற குட்டையான பூதம் ஒன்றைக் காட்டினார். 'இவன் ஒருவன்தான் பாக்கி. முதலில் இவனுக்குப் போடு, பார்க்கலாம்!'

அவன்தான் குண்டோதரன்.

அடுத்து நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். சாத மலை காணாமல் போயிற்று. குழம்பு, கறி, பட்சணம் எல்லாம் போயின. அதற்குப் பிறகும் அடங்காமல், உக்கிராணத்தில் இருந்த அரிசி, பருப்பு, தேங்காய், காய்கறி என்று வேகாததையும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான். 'பசிக்கிறதே... இன்னும் பசிக்கிறதே...' என்று அலறினான். திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் இதை இரண்டு படலங்களாகப் பாடியிருக்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது, அன்னையின் பெருமிதத்தை ஐயன் அடக்கினார் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். குண்டோதரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அவன் பக்கம் நின்று ஒரு நிமிடம் யோசித்திருக்கிறோமா? சற்று முன்பு வரை பேசாமல் நின்று கொண்டிருந்தவன் அவன். வடவைத் தீயை அவன் வயிற்றில் வைத்தவர் ஸ்வாமி. பசி அவன் கேட்டு வாங்கியதல்ல. திடீரென்று வந்து அவனைப் பிடித்துக்கொண்டது. எத்தனை சாப்பிட்டும் அவனுக்கு ருசி தெரியவில்லை, நிறைவும் இல்லை. பாவம், அத்தனை பேர் பார்க்க வேறு சாப்பிட வேண்டியிருந்தது!

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், யாரும் பார்க்காத குண்டோதரர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அதிலும் பெண்கள்.

பிற்பகல் மூன்று மணி. வீட்டில் யாரும் இல்லை. ஏதோ எடுக்கத்தான் சமையலறைக்குள் போகிறாள். மிக்ஸர் டப்பா கண்ணில் படுகிறது. ஒரு கை என்று தொடங்குகிறாள். டப்பா பாதியாகிறது. அடுத்து ரவா லட்டு, பிள்ளைக்கு வாங்கி வைத்த பிஸ்கட், குக்கர் அடியில் ஆறிக் கிடக்கும் சாதம்... கடைசியில் சர்க்கரையையோ ஹார்லிக்ஸ் தூளையோ ஸ்பூனால் வாரி அப்படியே வாயில்! உட்காரக்கூட இல்லை, நின்றபடியேதான். வயிறு வலிக்கிறது; கை நிற்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு காலி உறையைக் குப்பைக்கு அடியில் மறைத்து, முகம் கழுவி, ஸ்வாமி படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசி, 'நாளைக்கு முழுப் பட்டினி' என்று தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொள்கிறாள்.

கல்யாண வீட்டில் ஆசைக்கு இரண்டு வடை கூடச் சாப்பிடுவதையோ, தீபாவளியன்று பட்சணத்தில் கட்டுப்பாடு தளர்வதையோ நான் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் உள்ளதுதான். இது வேறு. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத வேகம், பிறர் அறியாமல் மறைப்பது, பிறகு தன் மேலேயே வரும் வெறுப்பு, இவை சேர்ந்து வரும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதங்களுக்கு இப்படித் தொடர்ந்தால் மருத்துவர்கள் இதை ஒரு நோயாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. 'வாயைக் கட்டத் தெரியாதவள்' என்று வீட்டில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அது எத்தனை பெரிய அநியாயம்!

சரி, நாளைக்குப் பட்டினி கிடந்தால் இந்தப் பசி அடங்குமா?

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் காயசண்டிகை என்று ஒரு பெண் வருகிறாள். வித்யாதர குலத்தவள். கணவனோடு பொதிகை மலையைப் பார்க்க வந்த இடத்தில், ஆற்றங்கரையில் தேக்கிலையில் வைத்திருந்த ஒரு பெரிய நாவல் கனியைச் செருக்கோடு காலால் சிதைத்துவிட்டாள். அது விருச்சிக முனிவர் உண்ண வைத்திருந்த கனி. அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு முறை உண்பவர்! நீராடிவிட்டு வந்து பார்த்தவர், பசியின் கோபத்தில் சபித்தார். அன்று முதல் அவளுக்கு 'யானைத்தீ' என்னும் பெரும்பசி நோய். எது தின்றாலும் தீராது. கணவன் கனியும் கிழங்குமாகக் கொண்டு வந்து கொட்டியும் பயனில்லை.

இதில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குப் படுகிறது. முனிவர் சாப்பிடாமல் அடக்கி வைத்திருந்தது பன்னிரண்டு வருடப் பசி. அவள் வயிற்றில் எரிந்ததும் அதே பன்னிரண்டு வருடப் பசிதான்! அடக்கி வைத்த பசி எங்கும் போய்விடுவதில்லை. என்றாவது ஒருநாள் மொத்தமாக வந்து நிற்கும் என்று சாத்தனார் சொல்லாமல் சொல்கிறாரோ?

காப்பியம் இருக்கட்டும், விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் அவர்களுக்கு அரை வயிற்றுச் சாப்பாடுதான். அந்த மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு கிடந்தார்களாம்! பிறகு வேண்டியதைச் சாப்பிடலாம் என்று விட்டபோது, பலர் வயிறு முட்டச் சாப்பிட்டும் 'பசி தீரவில்லை' என்றார்கள். அதற்கு முன் அவர்கள் யாரும் சாப்பாட்டு வெறியர்கள் அல்ல. பட்டினிதான் அப்படி ஆக்கியது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு வாய் காபி. பூஜை முடியாமல் சாப்பிடக் கூடாது. குழந்தைகளுக்கு டிபன், கணவருக்குக் கேரியர், மாமியாருக்குக் கஞ்சி. பூஜை முடியும்போது பதினொன்று. 'இனி என்ன டிபன், ஒரேயடியாகச் சாப்பிட்டுக்கலாம்' என்று அதுவும் தள்ளிப் போகும். இதில் செவ்வாய் ஒரு விரதம், வெள்ளி ஒரு விரதம், இடையில் சஷ்டியும் சங்கடஹர சதுர்த்தியும். உடம்பு இளைக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாடும் கட். மூன்று மணிக்கு மிக்ஸர் டப்பா பேசாமல் இருக்குமா?

பகவத் கீதையின் ஆறாவது அத்தியாயத்தில் கண்ணன் அர்ஜுனனிடம் இதைப் பற்றிச் சொல்கிறான். மிதமிஞ்சி உண்பவனுக்கு யோகம் கைகூடாது. அறவே உண்ணாதவனுக்கும் கைகூடாது என்கிறான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சொன்னானே, அதைக் கவனிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம்! தூக்கத்தையும் அங்கேயே சேர்த்துச் சொல்கிறான். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது.

விரதமே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. உபவாசம் என்றால் இறைவனுக்கு அருகில் வசிப்பது என்று பொருள். பசியில் தலை சுற்றிக்கொண்டு, மாலை பலகாரத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் யாருக்கு அருகில் வசிக்கிறோம்? நம் பெரியவர்கள் விரதத்தை முடிப்பதற்கும் முறை வைத்திருந்தார்கள். ஏகாதசிக்கு மறுநாள் பாரணையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று பக்குவமாக வயிற்றைத் திறந்தார்கள். உடம்பு முடியாதவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் பால், பழம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இடம் கொடுத்தார்கள். இந்தத் திடீர்ப் பசி உள்ளவர்களும் உடம்பு முடியாதவர்கள்தான். கொஞ்ச காலத்துக்கு முழுப் பட்டினி விரதங்களை நிறுத்திவைத்து, அன்று பாராயணத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்வாமி கணக்குப் பார்க்க மாட்டார். சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த உபவாசமும் இருக்கவே கூடாது.

'நைவேத்தியம் ஆகாமல் எப்படிச் சாப்பிடுவது?' என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வழி. காலையில் விளக்கேற்றியதும் காய்ச்சிய பாலில் துளி சர்க்கரை சேர்த்து, இரண்டு வாழைப்பழத்தோடு நைவேத்தியம் செய்துவிடுங்கள். அந்தப் பிரசாதத்தை அப்போதே சாப்பிடுங்கள். பெரிய பூஜை அதன் நேரத்தில் நடக்கட்டும். அதன் பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, பசி வெறியாக மாறும் முன்பே, அளவாகச் சாப்பிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கு வைத்தியம் செய்பவர்கள் முதலில் சரிசெய்வது இதைத்தான்.

சாப்பிடும் விதமும் முக்கியம். ஆண்கள் இலையில் உட்கார்ந்து, நீர் சுற்றிப் பரிசேஷணம் செய்து, ஐந்து பிராணன்களுக்கும் ஆகுதியாகக் கொஞ்சம் கொஞ்சம் சாதம் எடுத்துக்கொண்ட பிறகே சாப்பிடத் தொடங்குவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். வயிற்றில் எரியும் அக்கினிக்கு அது ஒரு வேள்வி. பரிமாறுகிறவளுக்கு மட்டும் அந்த அக்கினி இல்லையா என்ன? அவள் பாத்திரத்தின் அடியைச் சுரண்டி, நின்றபடி, மீந்ததை வீணாக்கக் கூடாதே என்று வயிற்றுக்குள் தள்ளுகிறாள். அன்னம் லட்சுமிதான், வீணாக்கக் கூடாதுதான். அதற்கு அரை ஆழாக்கு குறைத்து வடிக்கலாமே! நமக்கும் ஒரு தட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், உட்கார ஓர் இடம். டி.வி.யை அணைத்துவிட்டு, அன்னபூரணியை நினைத்து ஒரு கணம் கண்மூடி, பிறகு முதல் கவளம்.

இத்தனைக்குப் பிறகும் அந்த வேகம் ஒருநாள் வரும். வரும்போது என்ன செய்வது?

முதலில், கடைசியாக எப்போது சாப்பிட்டோம் என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் ஆகியிருந்தால் அது நிஜப் பசி. தட்டில் போட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். இப்போதுதான் சாப்பிட்டோம் என்றால் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, ஹாலிலோ வாசலிலோ உட்காருங்கள். இந்த வேகம் அலையைப் போன்றது. ஏறும், உச்சிக்குப் போகும், பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். நிதானமாக விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்லவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்! மனம் ஸ்லோகத்தில் நிற்காவிட்டால் பரவாயில்லை. ஒரு தோழிக்கு போன் செய்யுங்கள், பூ தொடுங்கள். அந்த நேரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். பசியா, காலையில் கேட்ட ஒரு சொல்லா, பிள்ளைகள் வெளியூர் போன பிறகு வெறிச்சென்று கிடக்கும் வீடா?

சில நாள் அலை ஜெயித்துவிடும். சாப்பிட்டுவிடுவீர்கள். அன்று செய்யக் கூடாதது ஒன்றுதான்: மறுநாள் பட்டினி. அந்தப் பட்டினிதான் அடுத்த வெறிக்கு விதை. மறுநாள் காலை, வழக்கமான நேரத்தில், வழக்கமான மூன்று இட்லி.

மீனாட்சி கல்யாணத்துக்குத் திரும்புவோம். அரிசி பருப்பையும் தின்றுவிட்டு அலறியவனை ஸ்வாமி என்ன செய்தார்? திட்டினாரா? பட்டினி போட்டாரா? நான்கு குழிகளில் தயிர் அன்னம் பொங்கச் செய்தார். வயிற்றெரிச்சலுக்குத் தயிர்சாதம்! அதன் பிறகு தாகம் வந்தது. சடையில் இருந்த கங்கையை அழைத்தார். 'கையை வை' என்றார். அவன் கை வைக்க, பெருகி வந்த நதிதான் வைகை என்று மதுரையில் சொல்வார்கள்.

காயசண்டிகைக்கும் அப்படித்தான். பூம்புகாரில் ஆதிரை என்னும் நல்லாள் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டாள். அதிலிருந்து மணிமேகலை ஒரு பிடி சோறு எடுத்து, அவள் கையில் வைத்தாள். பன்னிரண்டு ஆண்டுப் பசி அந்த ஒரு பிடியில் தணிந்தது. அதுவரை எத்தனையோ தின்றவள்தான். அன்றோ, எதிரே ஒருத்தி நின்று ஊட்டினாள்; பிறகு அவள் துயரம் முழுவதையும் கேட்டாள்.

எனவே யாரிடமாவது சொல்லுங்கள். கணவரிடம், அக்காவிடம், மகளிடம். சொல்ல ஆள் இல்லை என்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416 இருக்கிறது. 2022 முதல் செயல்படும் இலவச சேவை, தமிழிலும் பேசலாம். வாரா வாரம் இப்படி நடக்கிறது என்றால், அல்லது தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றும் பழக்கம் வந்திருந்தால், நாள் கடத்தாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேச்சு வழியாகவே இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்கள் வீட்டில் வேறு ஒருவருக்கு இது இருப்பதாகச் சந்தேகமா? டப்பாவை எண்ணாதீர்கள், பூட்டாதீர்கள். மாலையில் அவருக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்து, கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.