கணக்குக் காட்டாமல் கை நீட்டலாமா?

மதுரை மாநகராட்சிச் சொத்து வரி விவகாரம் 2025-இல் வெடித்தபோது, தென்மாவட்டங்களில் ஒழுங்காக வரி கட்டுகிற எவருக்கும் வயிறு எரிந்திருக்கும். அதிகாரிகளின் கணினிக் கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு, பெரிய வணிகக் கட்டடங்களின் வரியைக் குறைத்துப் பதிந்துவிட்டார்கள் என்பது புகார். கைதுகள் நடந்தன. ஜூலையில் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றவாளி யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதற்காகக் காத்திருக்காமலே சொல்லிவிடக்கூடியது ஒன்று உண்டு: வாங்கிய காசுக்குக் கணக்குக் காட்டாத அரசுக்கு, மேற்கொண்டு ஒரு காசு கேட்கும் தகுதி இல்லை.

மதுரைக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் பாருங்கள். இரண்டும் நகராட்சிகள். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் பிறந்ததும் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. (தேர்தலுக்கு முன்னால் வராது என்பது ஊரறிந்ததுதான். 2018-இல் ஏற்றிய வரியை 2019-இல் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தவுடன் நிறுத்தி வைத்ததும் இதே மாநிலம்தான்.) நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. பதினைந்தாவது நிதிக்குழு வைத்த நிபந்தனை, ஏற்றாவிட்டால் மத்திய மானியம் வராது என்றார்கள். இருக்கலாம். ஆனால் வரி கட்டுகிறவர் கேட்டது வேறு: ஏற்றிய பிறகு என்ன மாறியது?

ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைக்கும் தாமிரபரணிக் குடிநீர்த் திட்டத்துக்கும் தோண்டிய தெருக்களில் ஆண்டுக்கணக்கில் புழுதி குடித்தவர்கள் அதே மக்கள். வரி ரசீதையே எடுத்துப் பார்க்கலாம். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது. கட்டுகிறவர் தட்டாமல் கட்டிவிடுகிறார். வசூலித்த நூலக வரியை நூலகத்துக்குக் கொடுக்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைப்பது மட்டும் தமிழ்நாட்டில் பழைய கதை. அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. தவறினால் வட்டி ஏறும். தெருவை மூடத் தாமதித்த நகராட்சிக்கு வட்டி போடுவது யார்? இந்த ஒருவழிக் கணக்கில்தான் அநீதி குடியிருக்கிறது.

நம் முன்னோர் இதில் மழுப்பவில்லை. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது, இந்தப் பாண்டி நாட்டு மண்ணுக்கே சொன்னது. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு துண்டு நிலமே யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் நூறு வயலும் போதாது, அது தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்றார். மதுரையில் நடந்ததாகச் சொல்லப்படுவதும் இந்த மிதிதான். வள்ளுவர் இன்னும் கடுமை: அதிகாரத்தைக் காட்டிப் பொருள் கேட்கும் ஆட்சியாளனை வேலோடு வழிமறிக்கும் கொள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பொருளை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, வகுத்துச் செலவிடுவது என்று நான்கையும் அரசின் கடமையாக வைத்தவரும் அவரே. இன்றைய நகராட்சிகளுக்கு இரண்டாவது மட்டும் நன்றாக மனப்பாடம். புலவர் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவன் முன் நின்று பாடி, நிலத்தின் வரிப் பாக்கியையே தள்ளுபடி வாங்கினார். வரி கேட்டு இரக்கும் சிறியவனுக்கு அரசு பெரும் சுமை என்று பாடிய நலங்கிள்ளி, தானே ஒரு சோழ மன்னன். முதலாம் குலோத்துங்கனை நாடு நினைவில் வைத்திருப்பது சுங்கம் தவிர்த்தவன் என்ற பெயரால்.

இவ்வளவு தூரம் போவானேன், ஸ்ரீவில்லிபுத்தூரே சாட்சி சொல்லும். பாண்டியன் அவையில் வாதில் வென்று பெற்ற பொற்கிழியைப் பெரியாழ்வார் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கோயிலுக்கே ஆக்கினார் என்கிறது வைணவ மரபு. அந்த ஊரின் பதினொரு நிலைக் கோபுரம்தான் தமிழக அரசின் முத்திரையில் இருப்பது என்பார்கள். மதுரை மேலக் கோபுரம் என்று வழக்காடுவோரும் உண்டு. எதுவானாலும், வரி கேட்கும் ஒவ்வொரு அரசுத் தாளிலும் ஒரு கோபுரம் அச்சாகிறது. பக்கத்து ராஜபாளையத்தில், சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். பொதுப் பணம் எங்கே போனது என்று இந்த இருவரையும் எவரும் கேட்க வேண்டி வரவில்லை.

வரியே இல்லாமல் ஊர் நடக்காது என்பதும் உண்மைதான். இதே மாவட்டத்துக் காமராசர் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டபோதும், காசு எங்கே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தச் சோற்றை உண்டவர்களின் பிள்ளைகள் இன்று வரி கட்டுகிறார்கள். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காமராசர் பெயரைச் சொல்லி வசூலிக்கிறவர்கள் காமராசர் கணக்கையும் காட்ட வேண்டும். பிள்ளை தட்டில் சோறு விழுந்ததை ஊரே பார்த்தது. இன்று ஊர் பார்ப்பது கடனைத்தான். 2021 ஆகஸ்டில் நிதித்துறையின் வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ. 2,63,976 அரசுக் கடன் இருப்பதாகச் சொன்னது. கடன் எழுதப்பட்டது குடும்பத்தின் பெயரில். செலவு முடிவாகும்போது அந்தக் குடும்பத்தை யாரும் கேட்கவில்லை.

மக்களும் தப்ப முடியாது. பில் கலெக்டரின் கையில் எதையோ வைத்து இரண்டாம் மாடியை மறைத்தவர், ஊழலைத் திட்டும் வாயை முதலில் கழுவட்டும். அவர் மறைத்த வரி, ஓட்டு வீட்டுக் கிழவியின் தலையில் விழுகிறது. நகராட்சிகளில் பகுதி சபை, வார்டு குழு என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கூட்டம் நடக்கும் நாளில் நாற்காலிகள் காலியாக இருந்தால் கவுன்சிலர் ஏன் கணக்கைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறார்? போய் உட்கார வேண்டும். இந்த வார்டில் வசூல் எவ்வளவு, இந்த வார்டுக்குச் செலவு எவ்வளவு, கடைவீதியின் ஒவ்வொரு வணிகக் கட்டடத்துக்கும் எத்தனை சதுர அடிக்கு எவ்வளவு வரி என்று எழுதி நகராட்சிச் சுவரில் ஒட்டச் சொல்ல வேண்டும். அந்தத் தாள் மதுரையில் ஒட்டியிருந்தால், பக்கத்துக் கடைக்காரரே பிடித்துக் கொடுத்திருப்பார்.