டேஷ்போர்டை வெட்டுமுன்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் வட்டாரத்து மென்னோனைட் கிறிஸ்தவ சபை ஒன்று 1927இல் இரண்டாக உடைந்தது. கார் ஓட்டலாமா, கூடாதா என்பதுதான் வழக்கு. ஓட்டலாம் என்றார் ஆயர் மோசஸ் ஹார்னிங். மறுத்தவர்கள் ஜோசப் வெங்கர் பின்னால் போய்க் குதிரை வண்டியிலேயே நின்றுவிட்டார்கள். கார் வாங்கியவர்களுக்கும் மனசு உறுத்தாமல் இல்லை. பளபளவென்று மின்னும் பம்பர் ஆடம்பரமாகப் படவே, அதற்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். ஊரார் அவர்களைக் ‘கறுப்பு பம்பர் மென்னோனைட்’ என்றே அழைக்கத் தொடங்கினர்.

அதே மாநிலத்தில் அந்தக் காலத்திலேயே தன் தாய்ச் சபையிலிருந்து பிரிந்து வந்த பீச்சி ஆமிஷ் என்ற கிறிஸ்தவ சபை, பின்னர் காரை ஏற்றது, ரேடியோவை ஏற்கவில்லை. ரேடியோவோடு வண்டி கிடைத்தால் அதைக் கழற்றிவிடுவது அவர்கள் வழக்கம்.

பழைய பிக்கப் வண்டிக்குப் புது ஸ்டீரியோ வாங்கி வருபவர் செய்வது இதற்கு நேர் எதிரான காரியம். ஆனால் வண்டிக்குள் எதை அனுமதிப்பது என்ற கேள்வி இருவருக்கும் பொது. சபை அதைக் கூடிப் பேசி முடிவு செய்தது. ஸ்டீரியோ வாங்குபவர் பெரும்பாலும் கேட்டுக்கொள்வதே இல்லை.

இந்தக் கேள்வியைத் தத்துவமாக வளர்த்தவர் ஆல்பர்ட் போர்க்மன். ஜெர்மனியில் பிறந்து, பிக்கப் வண்டிகள் நிறைந்த மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரில், பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தவர். 1984இல் வெளிவந்த நூலில் அவர் காட்டும் உதாரணம் வீட்டின் கணப்பு. விறகு வெட்ட வேண்டும், பிளக்க வேண்டும், மூட்ட வேண்டும். குடும்பம் அதைச் சுற்றி உட்காரும். மையச் சூடேற்றி வந்தபின் சூடு மட்டும் கிடைக்கிறது. வேலையும் கூடலும் போய்விட்டன. இயந்திரம் கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இசைக்கருவியையும் ஸ்டீரியோவையும் அவர் இப்படித்தான் எதிரெதிரே நிறுத்தினார். கருவி பல வருடப் பயிற்சி கேட்கும். ஸ்டீரியோ எதுவுமே கேட்காது.

போர்க்மனின் இந்த ஒப்பீட்டை 2009இல் எடுத்துப் பேசிய மேத்யூ க்ராஃபோர்டு, அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கிய மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவரைப் போலப் பட்டறையில் நின்று பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. ஸ்டீரியோவைக் கேட்பதற்கு உழைப்பு வேண்டாம். பழைய வண்டியில் அதைப் பொருத்துவதற்கு ஏராளமாக வேண்டும்.

1973 முதல் 1987 வரை வந்த செவர்லே பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ரேடியோவுக்கு இருபுறமும் இரண்டு தண்டுகள், அவற்றின் மேல் குமிழ்கள். பிறகு பரவிய ஜெர்மானிய அளவுப்படி, செட் என்பது சுமார் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி. பழைய துளைக்குள் அது போகாது. டேஷ்போர்டை வெட்டத்தான் வேண்டும்.

அப்புறம் ஒயர்கள். மஞ்சள் நேரே பேட்டரிக்கு. கடிகாரமும் நினைவகமும் அதை நம்பியிருக்கின்றன. சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு. கறுப்பு, சாயத்தையும் துருவையும் சுரண்டிய தகட்டில் எர்த்துக்கு. சில பழைய வண்டிகளில் ஸ்பீக்கர்களின் ஒரு முனை பாடியோடு சேர்ந்திருக்கும். புது செட்டில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரிலும் மின்னழுத்தம் உண்டு. அதைப் பழைய இணைப்போடு அப்படியே முறுக்கினால் செட் புகைந்துவிடலாம். சுவருக்குப் பின்னால் ஒளிந்த இயந்திரம் இங்கே மல்லாந்து படுத்த மனிதனின் முகத்துக்கு நேரே தொங்குகிறது.

அப்படியானால், தன் கையால் பொருத்தியவருக்கு ஸ்டீரியோ போர்க்மன் குறை சொன்ன அந்தப் பண்டம் இல்லை என்று ஆகிவிடுமா? பாதிதான் உண்மை. வண்டியை அவர் அறிந்துகொண்டார். அது பெரிய லாபம். ஆனால் கடைசித் திருகை இறுக்கிய மறுநாளிலிருந்து பாட்டு விரல் நுனியில் வந்து விழும். மூன்று பேர் நெருங்கி உட்காரும் அந்த நீள இருக்கையில் பேச்சு குறையலாம். தெரிந்த பாட்டைச் சேர்ந்து பாடி இன்னும் கூடலாம். பட்டறை உழைப்பு அதைத் தீர்மானிக்காது. சபைகள் கவலைப்பட்டது இந்த மறுநாளைப் பற்றித்தான்.

அவர்களுடைய தடை எல்லோருக்கும் ஒத்துவராது. போர்க்மனும் கருவிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எதை வாழ்வின் நடுவில் வைக்கிறோம் என்று பார்க்கச் சொன்னார். பார்த்த பிறகு மனம் மாறவும் வழி இருக்க வேண்டும். பீச்சி ஆமிஷ் குடும்பங்களுக்கு ரேடியோவைக் கழற்ற முடிந்தது. வெட்டிய டேஷ்போர்டோ மறுபடி ஒட்டாது. இரண்டு தண்டோடு, பழைய துளையிலேயே உட்காரும் புது செட்டுகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. விலை கொஞ்சம் கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. பழைய ரேடியோவையும் தூர எறியாமல் எடுத்து வைக்கலாம்.