பெயர் கேட்பதற்கு முன்

ஆனி மாதப் பௌர்ணமியன்று, மாங்கனித் திருவிழாவின்போது, காரைக்கால் பாரதியார் வீதியில் கால் வைக்க இடமிருக்காது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது இரு பக்கத்து வீட்டு மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை இறைப்பார்கள். நேர்த்திக்கடனாக இறைக்கிற பழம். கீழே ஏந்தி நிற்கும் கைகளில் எது யாருடைய கை என்று மேலே நிற்பவர் பார்ப்பதில்லை. பிள்ளை வரம் வேண்டி வந்தவர் பிடிக்கலாம், வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரரும் பிடிக்கலாம்.

திருவிழா முடிந்து, அப்படியொரு மாடிப் போர்ஷன் காலியாகிறது என்று வைத்துக்கொள்வோம். வாசலில் அட்டை தொங்குகிறது. ஒரு குடும்பம் வந்து விசாரிக்கிறது. வாடகை, அட்வான்ஸ் பேச்சுக்கு முன்பே தமிழ்நாட்டிலும் புதுவையிலும் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி வந்துவிடுகிறது: “நீங்க என்ன ஆளுங்க?” சில வீடுகளில் அதையே சுற்றிவளைத்து, “சைவமா, அசைவமா?” என்பார்கள். வேறு சில வீடுகளில், வந்தவரின் பெயரைக் கேட்டதுமே “நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்” என்று முடித்துவிடுவார்கள்.

பழம் இறைத்த கையும் கதவைச் சாத்திய கையும் ஒரே கையாக இருக்க முடியும். அந்த மனிதரைப் போலி என்று சொல்லித் தள்ளிவிட்டால் விஷயம் புரியாமலே போய்விடும். அவர் மனதில் வெறுப்பே இல்லாமலிருக்கலாம். “அவங்க பழக்கவழக்கம் நமக்கு ஒத்துவராது” என்பது அவருக்கு அனுபவ அறிவாகத் தோன்றுகிறது. ஓரவஞ்சனையின் பலமே இதில்தான் இருக்கிறது. செய்கிறவருக்கு அது ஓரவஞ்சனையாகத் தெரிவதில்லை, விவரம் தெரிந்தவரின் முன்யோசனையாகத் தெரிகிறது. உன்னை நீயே சோதித்துப் பார் என்றால் மனம் உண்மையாகவே சோதித்துப் பார்த்து, குறை ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடும்.

அந்தத் திருவிழாவுக்குக் காரணமான கதையையே எடுத்துப் பார்க்கலாம். பெரியபுராணம் சொல்வது இது. வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறார் அவன் மனைவி புனிதவதி, பின்னாளில் காரைக்கால் அம்மையார். உணவுக்கு வந்த கணவன் மிஞ்சிய கனியை உண்டு, மற்றதையும் கேட்கிறான். இறையருளால் கைக்கு வந்த கனியை இலையில் இடுகிறார். அதன் சுவை வேறாக இருக்கவே, ஏது இது என்று கேட்கிறான். நடந்ததைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. அப்படியானால் இன்னொரு கனி வரவழைத்துக் காட்டு என்கிறான். வந்த கனி அவன் கையில் பட்டதும் மறைகிறது. அன்றிலிருந்து அவளைக் கண்டு அஞ்சுகிறான். கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைக்கிறான். உறவினர்கள் அம்மையாரை அங்கே அழைத்துப்போனபோது குடும்பத்தோடு அவர் காலில் விழுகிறான்.

பரமதத்தனைக் கொடியவன் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. ஆனால் அவன் செய்த பிழை கவனிக்கத்தக்கது. முதலில் அவனுக்கு அவள் மனைவி, ஆகவே அவள் சொன்னதற்குச் சாட்சி வேண்டியிருந்தது. பிறகு அவள் தெய்வம், ஆகவே அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விலகிப்போக முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் புனிதவதி என்ற பெண் இருந்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் ஒரு முறையும் அவன் கேட்கவில்லை. அவள் அழகுடம்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றது அதற்குப் பிறகுதான். இளக்காரம் மட்டுமே அநீதி செய்யும் என்று நினைக்கிறோம். மிதமிஞ்சிய மதிப்பும் செய்யும். ‘நல்ல குடும்பத்துப் பையன்’ என்று விசாரிக்காமலே வேலை கொடுக்கிற கடைக்காரர் யாரையும் இழிவுபடுத்தவில்லைதான். ஆனாலும் அந்த வேலைக்குத் தகுதியோடு வந்து வெளியே காத்திருந்தவன் வெறுங்கையோடு திரும்பிப் போகிறான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. தன்னவர்மேல் பாசம் வைப்பது குற்றமா? தன் பிள்ளைக்கு முதல் கவளம் ஊட்டுகிற தாயிடம் போய் நடுநிலை பேசுவது அபத்தம். பொதுப்பணத்தையும், தேர்வு மதிப்பெண்ணையும், ரேஷன் கடை வரிசையையும் பாசத்துக்குத் தகுந்தபடி வளைக்கக் கூடாது என்பதிலும் யாருக்கும் ஐயமில்லை. அவை ஒப்படைக்கப்பட்ட பொருள்கள். சிக்கல் இடைப்பட்ட இடத்தில் இருக்கிறது. வீடு சொந்தப் பொருள். யாரைக் குடிவைப்பது என்பது என் விருப்பம் என்று உரிமையாளர் சொன்னால் என்ன பதில்?

ஒரே ஒரு வீடாக இருந்தால் அவர் சொல்வதை ஏற்கலாம். ஆனால் தெருவில் இருக்கிற ஐம்பது வீட்டுக்காரர்களுக்கும் அதே விருப்பம் இருந்தால் அது விருப்பமாக நிற்பதில்லை, யாரும் எழுதாத சட்டமாகிவிடுகிறது. ஒவ்வொருவரும் ஒரு செங்கல்தான் வைத்தார்கள், ஆனால் அலைகிற குடும்பத்தின் முன்னால் நிற்பது முழுச் சுவர். மாங்கனித் திருவிழாவும் மஸ்தான் சாகிப் கந்தூரியும் தேற்றரவு அன்னை தேர்பவனியும் நடக்கிற ஊரில், விழாக்களுக்குத் திறக்கிற தெரு குடிவருகிறவருக்கு மூடிக்கொள்வது வருத்தம் தருகிற காட்சி.

சாதியும் மதமும் காட்டுகிற பெயரை மறைத்தால் போதுமா? 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியான பிரெஞ்சு ஆட்சியின் ஆணை, புதுச்சேரி, காரைக்கால் மக்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வர வழிசெய்தது. துறந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயரை ஏற்றார்கள். பெரிய காரியம்தான். ஆனால் மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலுமாகச் சுமார் 160 சதுர கிலோமீட்டரே உள்ள ஊரில், பெயர் சொல்லாததைத் தெரு சொல்லிவிடும், தெரு சொல்லாததைப் பேச்சு சொல்லிவிடும்.

மனதை நம்பாமல் ஏற்பாட்டை நம்பியவர்கள் நம்மிடம் முன்பே இருந்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் விலக்கு. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. பெரியவர்களின் நல்லெண்ணத்தைவிடச் சிறுவனின் அறியாமை நம்பத்தகுந்தது என்று அந்தச் சபை கண்டிருந்தது. ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும் என்கிறது. குடத்துக்குள் ஓரவஞ்சனை இல்லை. யாருடைய ஓலை குடத்துக்குள் போகலாம் என்று முடிவான இடத்தில் அது முழுதாக இருந்தது. இன்றைய பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவரின் பெயரும் எண்ணும் திருத்துபவருக்குத் தெரியாமல் மறைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்த மாணவர் தேர்வறை வரை வந்து சேர யார் உதவினார்கள், யார் தடுத்தார்கள் என்பது அந்தத் தாளில் இல்லை.

ஆகவே வீட்டு உரிமையாளர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம், வந்தவரின் முகத்தைப் பார்த்த பிறகு அல்ல. அட்டை தொங்கவிடுவதற்கு முந்தின நாள். எனக்கு உண்மையில் என்ன வேண்டும்? மாதம் பிறந்தால் வாடகை, இருக்கிற தண்ணீருக்குத் தகுந்த ஆள் எண்ணிக்கை, ராத்திரியில் சத்தம் கூடாது, மாடிப்படி சுத்தமாக இருக்க வேண்டும். இவற்றை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, வருகிறவரிடம் இவற்றை மட்டும் கேட்டு, முதலில் ஒத்துக்கொள்கிறவருக்குச் சாவியைக் கொடுத்துவிடலாம். யாரையாவது மறுக்க நேர்ந்தால், மறுப்பதற்கான உண்மையான காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். சொல்லக் கூச்சமாக இருக்கிற காரணம் பெரும்பாலும் தாளில் எழுதாத காரணமாகவே இருக்கும்.

இதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. உரிமையாளர் மனம் மாறினாலும் தெரு மாறியிருக்காது. சாமான் இறங்குவதைப் பார்த்த அடுத்த வீட்டு அம்மா மதில் ஓரமாக வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, “வந்திருக்கவங்க யாருங்க? என்ன ஆளுங்க?” என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவைத்துக்கொள்வது நல்லது: “நாலு பேரு அக்கா. ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அவர் துறைமுகத்துல வேலை பாக்குறாராம்.”