மலையைப் பார்ப்பதும் மலையில் வாழ்வதும்

எரிமலையைப் பார்க்கப் போகும் ஒருநாள் பயணத்தில் மனிதர் ஆபத்தின் அருகில் இருப்பது சில மணி நேரம்தான். அதற்குள்ளும் உயிர் போகலாம். நியூசிலாந்தின் வக்காரித் தீவு எரிமலை 2019 டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் இருந்த 47 பேரில் 22 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் அன்று மாலையே திரும்பிவிட நினைத்து வந்த பயணிகள்.

மலையிலேயே வாழ்பவர்களின் ஆபத்து வேறு. இலங்கையில் எரிமலை இல்லை. அதன் பதுளை மாவட்டத்து மலைகள் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனவை. அவற்றில் நெருப்பு இல்லை. ஆனால் பாறைக்கு மேலே படிந்திருக்கும் மண் நகரக்கூடியது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான அடைமழையில் நீர் உள்ளிறங்கி மண்ணை நிரப்பும்போது அதன் பிடிப்புத் தளர்ந்து சரிவு முழுவதும் கீழே வருகிறது.

அந்த மாவட்டத்தின் கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை நடந்தது அதுதான். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

எச்சரிக்கை இருந்தும் லயங்களில் இருந்தவர்கள் ஏன் போகவில்லை என்ற கேள்வி பலமுறை கேட்கப்பட்டது. லயம் தோட்டத்துக்குச் சொந்தமானது. கொழுந்து மலையும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் கோயிலும் அதைச் சுற்றியே இருக்கின்றன. லயத்தை விட்டால் வேலையும் கைவிட்டுப் போகும். தம் பெயரில் ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பத்துக்கு, எழுந்து போ என்ற சொல் பாதிச் செய்திதான். எங்கே போவது என்பது மீதிப் பாதி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவை மலை தரும் அடையாளங்கள். தினமும் பீலியில் நீர் பிடிப்பவர்களே இவற்றை முதலில் காண்பார்கள்.

மீரியபெத்தைக்குச் சற்றுத் தொலைவில், 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்க நாள்தோறும் மக்கள் வருகிறார்கள். மலையின் அழகை நாடி வருவதில் தவறில்லை. வந்தவருக்குத் திரும்பும் வழியும், மாலையில் போய்ச் சேர ஒரு வீடும் உண்டு. அந்த நிம்மதியோடுதான் அவர் மலையை ரசிக்கிறார். அதே மலையில் கொழுந்து எடுப்பவருக்கும் அந்த நிம்மதி உரியது. பாதுகாப்பான இடத்தில் சொந்தப் பெயரில் காணி, அதில் ஒரு வீடு, அங்கிருந்து வேலைக்குப் போய்வர ஒரு பாதை: இவை மூன்றும் இருந்தால்தான் எச்சரிக்கை வந்த இரவில் அவரால் கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட முடியும்.