விருப்பமும் உடைமையும்

உயிர்களிடத்து அன்பு செலுத்துதல் அறம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், ஓர் உயிரை விரும்புவதும் அதனை உடைமையாக்கிக் கொள்ள விரும்புவதும் ஒன்றாகுமா? இவ்வினா ஆராயத்தக்கது.

தேக்காவில் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என இரு தெருக்கள் உள்ளன. முன்னது ஆங்கிலத்திலும் பின்னது மலாயிலும் எருமையையே குறிக்கின்றன. மாட்டுத் தொழில் அங்கே செழித்திருந்த காலத்தை அப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. அன்று உழைப்பிற்கும் பாலுக்கும் விலங்கு வளர்த்த இடத்தில், இன்று அடுக்குமாடி வீட்டில் வாழ்பவன் மகிழ்ச்சிக்காகவே வளர்க்கிறான். பயன் கருதாத இவ்வுறவே உயர்ந்தது என்று தோன்றலாம். அத்தோற்றம் உண்மைதானா என்பதை ஒரு பாம்பின் வரலாற்றைக் கொண்டு காண்போம்.

போவா என்னும் பெரும்பாம்பு அமெரிக்க மண்ணுக்குரியது; நஞ்சற்றது; குட்டி ஈனுவது. பெருநிலத்தில் 8 அடிக்கு மேலும் வளரும் இப்பாம்பு, சில தீவுகளில் மிகச் சிறிய உருவமே பெற்றுள்ளது. ஹொண்டுராஸ் கரையை அடுத்த காயோஸ் கொச்சினோஸ் தீவுகளின் போவா அத்தகையது. கிடைத்த இரைக்கும் இடத்திற்கும் ஏற்பத் தலைமுறை தலைமுறையாக அது அடைந்த உருவம் அது. வணிகனோ, வீட்டுப் பெட்டிக்குள் அடங்கும் பாம்பு என்றே அதனைக் கண்டான். 1980களில் பெருமளவில் பிடித்து விற்கப்பட்டமையால் தீவில் அதன் தொகை வெகுவாகக் குறைந்தது. பிழைத்து வாழ உதவிய உருவமே சிறைப்படவும் காரணமாயிற்று.

வளர்ப்போர் இரண்டு நியாயங்கள் கூறுவர். வீட்டிலேயே இனம் பெருக்கினால் காட்டில் பிடிப்பது குறையும் என்பது ஒன்று. இதில் உண்மை உண்டு, மறுத்தல் நேர்மையன்று. பெட்டியில் பிறந்த குட்டி காட்டை அறியாது, அறியாததை அது இழப்பதுமில்லை என்பது மற்றொன்று. இதனை ஏற்றல் அரிது. கிளையேறவும் மறைந்திருந்து இரை கொள்ளவும் அக்குட்டிக்கு எவரும் கற்பிப்பதில்லை. அவ்வியல்புகள் அதனுடனேயே பிறக்கின்றன. காட்டைக் காணாவிடினும் காட்டிற்கான உடலோடுதான் அது பிறந்துள்ளது. மேலும், எந்த நிறக் குட்டி பிறக்க வேண்டும் என்பதையும் வாங்குவோர் விருப்பமே முடிவு செய்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்ல உயிரிடத்தில் அவ்விருப்பம் எத்தனை ஆண்டு நிலைக்கும்?

தமிழகத்தில் இதற்கு மாறான ஒரு காட்சி உண்டு. வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இருளர் நச்சுப் பாம்புகளைப் பிடித்து வருவர். பாம்புக்கடி மருந்துக்காகச் சில வாரங்கள் அவற்றின் நஞ்சு எடுக்கப்படும். பின்னர் அவை மீண்டும் விடப்படும். பிடிபட்ட பாம்பிற்கு அதில் துன்பமே இல்லை எனக் கூற இயலாது. ஆயினும், தேவைக்காகப் பிடித்தவர் திருப்பி விடுகின்றனர். அன்பிற்காக வாங்கியவர் விடுவதில்லை. பயன் கருதுவதே இழிவு, கருதாமையே உயர்வு என்ற நம் எளிய கணக்கு இங்கே பிழைபடுகிறது. தேவைக்கு ஓர் எல்லை உண்டு. உடைமை வேட்கைக்கு அத்தகைய எல்லை இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டம் வீட்டில் பாம்பு வளர்க்க இடந்தருவதில்லை. சட்டம் கையைத் தடுக்கும். வேட்கையைத் திருத்துவது கல்வியின் கடமை. இந்நகரின் கால்வாய்களிலும் மலைப்பாம்புகள் எலிகளை உண்டு வாழ்கின்றன. அவற்றிற்கு நாம் உணவிட வேண்டா, பெயரிட வேண்டா. வழியில் எதிர்ப்படும்போது துன்புறுத்தாது விலகி நின்று, அது செல்லும் வரை பொறுத்திருத்தல் போதும். நமக்குரியதாக்காமலே ஓர் உயிரைக் கண்டு வியக்க மாணவர் பழகுவாராயின், அன்பின் முதற்பாடத்தை அவர் கற்றவராவர்.