தேசிய ஜெர்சி யாருக்கு உரியது?

சார்லஸ் பியுடாவ் நியூசிலாந்துக்காக 17 ரக்பி டெஸ்ட் ஆட்டங்கள் ஆடியவர். 2015இல் அவர் ஐரோப்பியக் கிளப்புகளுக்குப் போனார். வெளிநாட்டுக் கிளப்பில் இருப்பவரை நியூசிலாந்து தேர்வு செய்வதில்லை என்பதால் அந்த அணியின் கதவு அவருக்கு மூடிக்கொண்டது. அவர் ஆக்லாந்தில் டோங்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். அண்ணன் சியாலே 2019 உலகக் கோப்பையில் டோங்கா அணியின் கேப்டன். அந்த அணியில் தம்பி ஆட முடியவில்லை. ஒரு நாட்டுக்கு ஒருமுறை ஆடியவர் ஆயுளுக்கும் அந்த நாட்டுக்கே உரியவர் என்று 2000ஆம் ஆண்டு முதல் உலக ரக்பி அமைப்பு கடைப்பிடித்த விதி குறுக்கே நின்றது. விதி மாறி, 2022இல் டோங்காவுக்காக அவர் களமிறங்கியபோது வயது 30. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அவர் எந்த நாட்டுக்கும் ஆடவில்லை. நியூசிலாந்துக்கு அவர் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட டோங்காவுக்கு அவர் கிடைக்கவில்லை. யாருக்கும் பயன் தராத அந்தத் தடையை நியாயம் என்று சொல்ல முடியுமா?

சொல்ல முடியும் என்பவர்களிடமும் காரணம் இருக்கிறது. மைக்கேல் ஜோன்ஸ் 1986இல் சமோவாவுக்கு ஆடிவிட்டு, மறு ஆண்டே நியூசிலாந்துடன் உலகக் கோப்பையை வென்றார். ஃபிராங்க் பன்ஸ் 1991 உலகக் கோப்பையில் சமோவாவின் தூண். அடுத்த ஆண்டு நியூசிலாந்து வீரர். வலிய அணி கண்ணசைத்தால் எளிய அணி தன் சிறந்த ஆட்டக்காரரை இழக்க வேண்டும் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரத்தான் அந்தக் கட்டுப்பாடு. அது தேவையற்றது என்று எவரும் சொல்ல முடியாது. விதி வந்த அதே 2000இல், வேல்ஸ் அணியில் இருவரும் ஸ்காட்லாந்து அணியில் ஒருவரும் தாத்தா பாட்டியின் பிறப்பிடம் பற்றிய தவறான தகவலின் பேரில் ஆடியிருந்தது வெளிவந்தது. கண்டிப்பு வேண்டும் என்ற குரல் உரத்து எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் கண்டிப்பின் பாரம் முழுவதும் ஆட்டக்காரர் தலையில் விழுந்தது. இருபது வயதில் அவரை அழைத்து, இரண்டொரு ஆட்டம் ஆடவைத்து, பிறகு மறந்துவிடும் சங்கத்துக்கு எந்த இழப்பும் இல்லை. இந்த விதிகளை எடைபோட வேண்டிய தராசு இதுதான்: கட்டுப்பாடு வலியவர் கையைக் கட்டுகிறதா, எளியவர் கையையா?

பிறந்த மண்ணுக்கு மட்டுமே ஆட வேண்டும் என்று வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் எனப் பலர் நினைக்கிறார்கள். பிறப்பிடம் ஒருவர் தேர்ந்தெடுத்தது அல்ல. வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி அது எதையும் சொல்வதும் இல்லை. டவுலுபே ஃபலெடாவ் பிறந்தது டோங்காவில். ரக்பி ஆட வேல்ஸ் வந்த தகப்பனோடு சிறுவனாக வந்து, அங்கேயே வளர்ந்து வேல்ஸ் அணியில் ஆடினார். நியூசிலாந்தில் பிறந்த மைக்கேல் லீச் 15 வயதில் ஜப்பானின் சப்போரோ நகரப் பள்ளிக்கு மாணவராக வந்தவர். 2015இல் தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்திய ஜப்பான் அணிக்கு அவர்தான் கேப்டன். இவர்களை அந்நியர் என்று சொல்லும் அளவுகோல், அளக்க வேண்டியதை அளக்கவில்லை. நியூசிலாந்து அணியில் பசிபிக் பெயர்களைப் பார்த்தவுடன் ‘தீவுகளிடமிருந்து திருடியது’ என்பதும் அவசரத் தீர்ப்பே. அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அல்லது குழந்தையாக வந்து வளர்ந்தவர்கள். தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது அவர்களுடைய பெற்றோரை வரவேற்ற நாடு, 1970களில் விடியற்காலையில் வீடு புகுந்து விசா கேட்டது. அதற்கு நியூசிலாந்து அரசு 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் ‘நீ இந்த நாட்டுக்காரன் இல்லை’ என்று விளையாட்டிலும் சொல்வது இரண்டாவது அவமதிப்பு.

எனவே வாழ்ந்த காலம்தான் பிறப்பைவிட நேர்மையான அளவுகோல். சிக்கல், அந்தக் காலத்தையே ஒப்பந்தம் போட்டு வாங்கிவிட முடிவதில் இருக்கிறது. மூன்று ஆண்டு குடியிருந்தால் போதும் என்று இருந்தபோது, தேசிய அணியை மனத்தில் வைத்தே வெளிநாட்டு வீரரைக் கிளப்புக்கு எடுத்து நாளை எண்ணிக் காத்திருக்கும் வழக்கம் வேரூன்றியது. தென்னாப்பிரிக்காவின் சி.ஜே. ஸ்டாண்டர் 2012இல் அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்கு வந்தார். 2016 தொடக்கத்தில் அயர்லாந்துக்காக ஆடினார். 51 ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2021இல் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா திரும்பும் எண்ணத்தில் ஓய்வை அறிவித்தார். உடம்பை ஒளிக்காமல் ஆடிய அவரிடம் குறைகாண ஏதுமில்லை. ஆனால் சிறுவயது முதல் அந்த இடத்துக்காகவே உழைத்த உள்ளூர் இளைஞருக்கும் ஒரு நியாயம் உண்டு. மூன்று ஆண்டு என்பது அந்த நியாயத்தை மிக மலிவாகக் கருதியது. அர்ஜென்டினாவின் அகுஸ்தின் பிச்சோட் உலக ரக்பியின் துணைத்தலைவராக இருந்து வலியுறுத்தியதன் பயனாக 2017இல் அதை ஐந்து ஆண்டாக்க முடிவெடுத்தார்கள். 2022 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் நீடிக்காத ஆட்ட வாழ்வில் ஐந்து ஆண்டு என்பது பாதி. அவ்வளவையும் பணயம் வைப்பவர் அந்த நாட்டில் வேரூன்றியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காலத்தை நீட்டினால் ஆள்பிடிப்பு நிற்காது, வயதுதான் குறையும். 24 வயதுக்காரருக்குப் பதில் 17 வயதுப் பையனைக் கொண்டுவருவார்கள் என்பது அது. ஃபிரான்சின் கிளெர்மோன் கிளப் ஃபிஜியின் நட்ரோகாவில் பயிற்சிக்கூடம் வைத்து ஆட்களைத் தேடியதையும், அவ்வழி வந்தவர்களில் சிலர் ஃபிரான்ஸ் தேசிய அணி வரை போனதையும் பார்த்தால் இந்த அச்சம் கற்பனை அல்ல. அதனால் ஐந்தாண்டு விதி தவறாகிவிடாது, அது மட்டும் போதாது என்றுதான் ஆகிறது. பதின்வயதில் ஊரைவிட்டு அழைத்துப் போகும் கிளப், அவர் படிப்புக்கும் திரும்பும் வழிக்கும் பொறுப்பேற்க வேண்டும். அவரை வளர்த்த கிராமத்து அணிக்கும் சங்கத்துக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

போகிறவர் தம் விருப்பப்படிதானே போகிறார் என்பது இன்னொரு வாதம். 2017 நவம்பரில் சமோவா அணி லண்டன் ட்விக்கனமில் இங்கிலாந்தை எதிர்கொண்டது. அந்த ஒரு ஆட்டத்துக்கு இங்கிலாந்து வீரருக்கு ஏறக்குறைய 22,000 பவுண்டு, சமோவா வீரருக்கு 650 பவுண்டு என்று செய்திகள் வந்தன. ஒரே களம், ஒரே எண்பது நிமிடம். சமோவா ரக்பி சங்கம் திவாலாகிவிட்டது என்று அந்நாட்டுப் பிரதமர் அறிவித்திருந்த சமயம் அது. அரங்கு நிறைந்தாலும் வருவாய் ஆட்டத்தை நடத்தும் சங்கத்துக்கே என்பது வழக்கம். வந்து ஆடிய அணிக்கு அதில் பங்கு இல்லை. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டிய இளைஞர் இந்த இரண்டு தொகைகளுக்கு நடுவே நின்று செய்யும் தேர்வைச் சுதந்திரமான விருப்பம் என்று அழைத்து, அதன் விளைவை ஆயுள் முழுக்கச் சுமக்கச் சொல்வது அறமாகாது.

2021 நவம்பரில் உலக ரக்பி செய்த மாற்றம் இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. கடைசி சர்வதேச ஆட்டத்துக்குப் பின் 36 மாதம் காத்திருந்தால், தாம் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கோ ஒரே ஒரு முறை மாறலாம். பியுடாவ் மாறியது இப்படித்தான். 2015இல் நியூசிலாந்துடன் உலகக் கோப்பையை வென்ற மலகாய் ஃபெகிடோவா, 2023 உலகக் கோப்பையில் தாம் பிறந்த டோங்காவுக்காக ஆடினார். பெரிய அணிகள் கழித்துவிட்டவர்களுக்குச் சிறிய அணிகள் புகலிடமா, தீவிலேயே இருந்து ஆடும் பையனின் இடம் பறிபோகாதா என்று கேட்கிறார்கள். பறிபோகும், சில இடங்கள். ஆனால் தீவில் வாழ்பவர்களைவிட வெளியே வாழும் டோங்கர்கள் அதிகம். வெளியே உள்ளவர்களையும் சேர்த்ததுதான் அந்தச் சமூகம். தாத்தா பாட்டி வழித் தகுதி, காலடி வைக்காத நாட்டு ஜெர்சியைச் சிலருக்குத் தந்திருக்கிறது என்பது உண்மை. வேலை தேடிக் கடல் கடந்த சமூகத்துக்கு அதே விதி குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது. அந்தத் திசையில் போகிறவருக்கு மூன்று ஆண்டு காத்திருப்பு மிகை. வலிய அணியிலிருந்து எளிய அணிக்கு மாற ஓராண்டே போதும்.

தகுதி விதியை எவ்வளவு செதுக்கினாலும், ஊரில் இருந்தே பிழைக்க வழி இல்லாதவரை ஆட்கள் வெளியேறுவார்கள். ஃபிஜியன் ட்ருவா என்ற தொழில்முறை அணி 2022இல் சூப்பர் ரக்பி பசிபிக் போட்டியில் சேர்ந்தது. அந்த ஆண்டே ஃபிஜியின் சுவாவிலும் லௌடோகாவிலும் சொந்த ரசிகர்கள் முன் ஆடியது. 2023 ஆகஸ்டில் ட்விக்கனமில் இங்கிலாந்தை முதன்முறையாக 30-22 என்று வென்று, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவையும் தோற்கடித்த ஃபிஜி அணியில் ட்ருவா வீரர்கள் பலர் இருந்தார்கள். இந்தப் பாடத்துக்குப் பிறகும், 2026 முதல் நடக்கும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப்பின் மேல்பிரிவு 12 அணிகளில் ஃபிஜிக்கு இடம் கொடுத்தவர்கள் சமோவாவையும் டோங்காவையும் சேர்க்கவில்லை. 2030க்கு முன் கீழிருந்து மேலேறவும் வழி வைக்கவில்லை. பெரிய ஆட்டமும் தொலைக்காட்சி வருவாயும் இன்றி இன்னொரு தலைமுறை அங்கே வளரும். அந்தப் பிள்ளைகளைத் தேடி ஒப்பந்தத்தோடு வருபவர்களை ஐந்தாண்டு விதியால் மட்டும் தடுத்துவிட முடியாது.